மேரியில எழுத்து: படம் எடுக்க யோசனை சொல்லுங்கோ

வணக்கம் உறவுகளே. வாற சனிக்கிழமை தங்கச்சிக்குப் பாரிஸ் புறநகர் மேரியில (நகரசபையில) எழுத்து, அதாவது கலியாணப் பதிவு. கோயில் கலியாணத்துக்கு ஆள் பிடிச்சாச்சு, எழுத்துக்கு நான்தான் கமெரா.

மண்டபத்தைப் போய்ப் பாத்தன். மேயரின்ர மேசைக்குப் பின்னால பெரிய யன்னல், மேல மஞ்சள் வெளிச்சத்தில சரவிளக்கு. பொம்பிளை மாப்பிள்ளை மேயரைப் பாத்துத்தான் இருப்பினம்; சனத்தோட நிண்டா முதுகுதான் விழும். மேசைக்குப் பக்கத்தில நிக்க விடுவினமோ? ஆரிட்டக் கேக்கோணும்?

மேயர் புருசன் பெண்சாதி கடமைகளைச் சொல்லுற சிவில் சட்டத்தின்ர 212ஆம் பிரிவில தொடங்கி வாசிக்கேக்க ஆறுதலா எடுக்கலாம். ‘உய்’ (ஓம்) எண்டு சொல்லுற அந்தச் செக்கனுக்குத்தான் பயம்.

கையில சோனி ஏ7 III கமெரா, 35 எம்.எம். எஃப் 1.8 லென்ஸ். ஃபிளாஷ் அடிச்சுச் சடங்கைக் குழப்ப விருப்பமில்லை. ஐஎஸ்ஓவை (வெளிச்ச உணர்திறனை) 3200 வச்சாச் சமாளிக்குமோ? யன்னல் வெளிச்சமும் சரவிளக்கும் கலந்தா முகம் பாதி நீலம், பாதி மஞ்சளா வருது. வைட் பேலன்ஸ் (நிறச் சமநிலை) எதுக்கு வைக்கிறது? சத்தமில்லாம எடுக்கிற சைலன்ட் ஷட்டர் போட்டா எல்ஈடி வெளிச்சத்தில கோடு விழுமே, அதையும் சொல்லுங்கோ.

எங்களுக்குப் பின்னால அடுத்த சோடி நிக்குமாம். குடும்பப் படம் உள்ளுக்கோ, வாசல் படியிலயோ நல்லம்? மேரியில எடுத்த ஆக்கள் உங்கட படம் ரெண்டு போட்டுவிட்டாலும் உதவி.