லாபம் இருந்தும் கையில் பணம் இல்லை: பொருளாதார நெருக்கடிக்கும் இதுதான் வேரா?

புதுக்கணக்கு:
வணக்கம். ஒரு நிறுவனத்தின் ஆண்டுக் கணக்கைப் படித்துப் பழகுகிறேன். விற்பனை 120 லட்சம், விற்ற சரக்கின் அடக்கவிலை 84 லட்சம், மற்ற செலவுகள் 24 லட்சம் (வட்டியும் 3 லட்சம் தேய்மானமும் இதில் அடக்கம்). ஆக லாபம் 12 லட்சம். ஆனால் வங்கி இருப்பு ஓராண்டில் 6 லட்சம் குறைந்திருக்கிறது. உரிமையாளர் சொந்தச் செலவுக்கு எதுவும் எடுக்கவில்லை. வரவேண்டிய பாக்கி 10 லட்சத்திலிருந்து 20 ஆகியிருக்கிறது. சரக்கு இருப்பு 7-லிருந்து 14, கொடுக்கவேண்டிய பாக்கி 7-லிருந்து 9. கடன் அசலில் 6 லட்சம் கட்டியிருக்கிறார்கள். பணம் எங்கே போனது? 2008 உலக நிதி நெருக்கடியைப் பற்றிப் படித்தாலும் 'பணம் வற்றிவிட்டது' என்றுதான் எழுதுகிறார்கள். இரண்டும் ஒன்றுதானா?

பேரேடு:
நீங்கள் கொடுத்த எண்களிலேயே விடை இருக்கிறது. லாபத்திலிருந்து தொடங்குங்கள்: 12. தேய்மானம் ஏட்டில் மட்டும் எழுதும் செலவு, கையைவிட்டுப் பணம் போகவில்லை. 3-ஐத் திரும்பக் கூட்டினால் 15. பாக்கி 10 ஏறியிருக்கிறது, அதாவது விற்றதாக எழுதிய 10 லட்சம் இன்னும் வசூலாகவில்லை; கழித்தால் 5. சரக்கில் கூடுதலாக 7 முடங்கியிருக்கிறது, இப்போது -2. சப்ளையர்களுக்குத் தரவேண்டியது 2 கூடியிருக்கிறது, அவ்வளவும் அவர்கள் தந்த அவகாசம், கூட்டினால் சுழி. ஆண்டு முழுக்க வியாபாரம் செய்து கைக்கு வந்தது ஒன்றுமில்லை. இதன்மேல் அசல் 6. அசல் லாப நட்டக் கணக்குக்குள் வராது, வட்டி மட்டும்தான் வரும். புதிதாகப் படிப்பவர்கள் பெரும்பாலும் தவறவிடுவது இதைத்தான்.

அடுத்து நாள் கணக்கு. பாக்கி ÷ விற்பனை × 365 = 61 நாள். சரக்கு ÷ அடக்கவிலை × 365 = 61 நாள். கொடுக்கவேண்டியது ÷ அடக்கவிலை × 365 = 39 நாள். 61 + 61 - 39 = 83. சரக்குக்குப் பணம் கொடுத்த நாளிலிருந்து அது திரும்பிவர 83 நாள் ஆகிறது. அதுவரை 25 லட்சம் (20 + 14 - 9) உள்ளேயே மாட்டிக்கொண்டிருக்கும். நாள் கணக்கு இப்படியே இருந்து விற்பனை 30% கூடினால் இன்னும் 7.5 லட்சம் முடங்கும். வேகமாக வளரும் நிறுவனங்கள் ஆர்டர் குவிந்திருக்கும்போதே சம்பளம் போட முடியாமல் திணறுவது இதனால்தான். பாக்கி ஏன் இரட்டித்தது என்று வாடிக்கையாளர் வாரியாக, 30, 60, 90 நாள் என்று பிரித்துப் பாருங்கள். 90 நாளைத் தாண்டியதில் ஒரு பகுதி வராக்கடனாக இருந்தால் அந்த 12 லட்சம் லாபமே பொய்.

தவணைநாள்:
இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். வேர் ஒன்றுதான்: கொடுக்கவேண்டிய நாள் முன்னால், வரவேண்டிய நாள் பின்னால். நிதி நிறுவனங்களில் இந்த இடைவெளி மிகப் பெரிது, சொந்த முதலோ மிகச் சிறிது. அமெரிக்க முதலீட்டு வங்கியான லேமன் பிரதர்ஸ் 2008 செப்டம்பர் 15 அன்று திவால் மனு கொடுத்தபோது கணக்கில் சுமார் 639 பில்லியன் டாலர் சொத்து இருந்தது. 2007 முடிவில் ஒரு டாலர் சொந்த முதலுக்குச் சுமார் 30 டாலர் சொத்து வைத்திருந்தார்கள். அந்த நிலையில் சொத்து மதிப்பு 3.3% சரிந்தாலே முதல் முழுக்கக் கரைந்துவிடும். அந்தச் சொத்தில் ஒரு பெரிய பங்குக்கு அன்றாடம் புதுப்பிக்கும் குறுகியகாலக் கடன்தான் ஆதாரம். கடன் கொடுத்தவர்கள் "இனி புதுப்பிக்க மாட்டோம்" என்றதும் கதை முடிந்தது.

அது அங்கேயே நிற்கவில்லை. மறுநாள் லேமனின் கடன்பத்திரங்களை வைத்திருந்த ரிசர்வ் பிரைமரி ஃபண்ட் என்ற பணச்சந்தை நிதியின் (குறுகியகாலப் பத்திரங்களில் முதலிடும் நிதி) ஒரு டாலர் யூனிட் 97 சென்ட் ஆனது. அதைப் பார்த்து மற்ற பணச்சந்தை நிதிகளிலிருந்தும் முதலீட்டாளர்கள் பணத்தை எடுத்தார்கள். நெருக்கடி தொடங்கிய வீட்டுக் கடனோடு எந்தத் தொடர்பும் இல்லாத தொழில் நிறுவனங்கள் நடைமுறைச் செலவுக்குக் குறுகியகாலப் பத்திரம் விற்று அன்று பணம் திரட்டியது பெரிதும் இந்த நிதிகளிடம்தான். அந்த வழி அடைபட்டதும் நன்றாக ஓடிக்கொண்டிருந்தவையும் மூச்சுத் திணறின.

வட்டி ஏறுவதும் இதையே செய்யும். 1.5% வட்டி தரும் 10 ஆண்டுப் பத்திரத்தை 100-க்கு வாங்கி வைத்திருக்கிறீர்கள், சந்தை வட்டி 4% ஆகிறது என்றால் இன்று அதற்குக் கிடைப்பது சுமார் 80தான். முதிர்வுவரை காத்திருந்தால் 100 கிடைக்கும். டெபாசிட்காரர்கள் காத்திருப்பார்களா? 2023 மார்ச் 9 அன்று ஒரே நாளில், இப்படிப்பட்ட பத்திரங்களை வைத்திருந்த அமெரிக்காவின் சிலிக்கான் வேலி வங்கியிடம் அவர்கள் திரும்பக் கேட்டது 42 பில்லியன் டாலர். மறுநாள் வங்கியை மூடினார்கள்.

இருபக்கம்:
மேலே சொன்னது சரி, ஆனால் பாதிதான். பணம் வர நாளாகிறது என்பது வேறு, சொத்துக்கு மதிப்பே இல்லை என்பது வேறு. முதல் வகைக்கு மத்திய வங்கி அவசரக் கடன் கொடுத்தால் சரியாகிவிடும். இரண்டாவதற்குக் கொடுத்தால் ஓட்டை பெரிதாகும். நெருக்கடி நடக்கும்போது எது எந்த வகை என்று பிரிப்பதுதான் கஷ்டம், ஏனென்றால் எல்லோரும் ஒரே நேரத்தில் விற்றால் நல்ல சொத்தின் விலையும் விழும். ஒரு நிறுவனம் செலவைக் குறைத்துக் கடனை அடைத்தால் தேறிவிடும். எல்லா நிறுவனங்களும் ஒன்றாக அதைச் செய்தால் ஒருவர் குறைத்த செலவு இன்னொருவருக்கு வராமல் போன வருமானம். விலைகள் இறங்கும், ஏட்டில் உள்ள கடன் மட்டும் இறங்காது. 1933-இல் பொருளியலாளர் இர்விங் ஃபிஷர் விளக்கிய கடன்-விலைச்சரிவுச் சுழல் இது. நிறுவனக் கணக்கை அப்படியே பெருக்கினால் நாட்டுக் கணக்கு வந்துவிடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான காரணம் இல்லை.

நாணயத்தையும் விட்டுவிடாதீர்கள். தாய்லாந்தில் 1997 ஜூலை 2 வரை ஒரு டாலர் சுமார் 25 பாட். அன்று அந்த நிலையான விலையைக் கைவிட்டு நாணயத்தைச் சந்தை விலைக்கு மிதக்க விட்டார்கள், 1998 ஜனவரியில் 50-ஐத் தாண்டியது. வருமானம் பாட்டில், கடன் டாலரில் என்றிருந்த நிறுவனங்களுக்குப் புதிதாக ஒரு டாலர்கூட வாங்காமலே கடன் இரட்டித்தது.

புதுக்கணக்கு:
மிக்க நன்றி, அந்த சுழி வந்த இடத்தில்தான் எனக்குப் புரிந்தது. ஒரு நிறுவனம் எந்த நிலையில் இருக்கிறது என்று சட்டென்று கண்டுபிடிக்க எதைப் பார்க்கவேண்டும்?

பேரேடு:
பொருளியலாளர் ஹைமன் மின்ஸ்கி பிரித்த மூன்று வகையைப் பொருத்திப் பாருங்கள். தொழிலில் வரும் பணம் அசல், வட்டி இரண்டையும் கட்டினால் பாதுகாப்பு. வட்டியை மட்டும் கட்டி அசலுக்குப் புதுக்கடன் வாங்கினால் வங்கியின் மனநிலையை நம்பி நடக்கிற தொழில். வட்டி கட்டவே கடன் வாங்கினால் சொத்து விலை ஏறிக்கொண்டே இருக்கவேண்டும். நீங்கள் காட்டிய நிறுவனத்தில் வட்டி கட்டியபின் மிச்சம் சுழி. 6 லட்சம் அசல் இருப்பிலிருந்துதான் போயிருக்கிறது. அடுத்த ஆண்டும் இப்படியே போனால் அது இரண்டாவது வகை.

கையோடு 13 வாரத்துக்கு ஒரு பண அட்டவணை போடுங்கள். வாரத் தொடக்க இருப்பு, உறுதியாக வரும் வசூல் (பில் தேதியை வைத்து அல்ல, அந்த வாடிக்கையாளர் வழக்கமாக எத்தனை நாளில் கட்டுகிறாரோ அதை வைத்து), சம்பளம், வரி, தவணை, வார முடிவு இருப்பு. பிறகு மிகப் பெரிய வாடிக்கையாளர் 30 நாள் தாமதித்தால் எந்த வாரம் இருப்பு சுழிக்குக் கீழே போகிறது என்று பாருங்கள். ஓவர்டிராஃப்ட் (கணக்கிலுள்ள இருப்புக்கு மேல் எடுக்கும் வசதி) பற்றி வங்கியிடம் பேசவேண்டியது அந்த வாரத்துக்கு இரண்டு மாதம் முன்பு.