செவ்வகக் கணக்கில் எக்ஸ்ஒய் வந்தாலே இருபடியா?

கவராயம்: 'பரப்பளவு வந்தால் இருபடிதான் (எக்ஸ்², எக்ஸ்ஒய் போன்ற உறுப்பு வரும் சமன்பாடு), ஒருங்கமை நேரியச் சமன்பாட்டில் (அந்த உறுப்புகள் இல்லாமல், சேர்த்துத் தீர்க்கும் இரண்டு சமன்பாடுகள்) சேராது' என்று இங்கே கோணமானி என்ற பெயரில் எழுதுபவர் நேற்று எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சல்தான். இந்தக் கணக்கைப் பாருங்கள். செவ்வகத்தின் நீளத்தில் 3 செ.மீ. குறைத்து அகலத்தில் 2 செ.மீ. கூட்டினால் பரப்பு மாறாது. நீளத்தில் 5 கூட்டி அகலத்தில் 1 குறைத்தால் பரப்பு 20 ச.செ.மீ. கூடும். நீளம் எக்ஸ், அகலம் ஒய்.

(எக்ஸ்−3)(ஒய்+2) = எக்ஸ்ஒய்
எக்ஸ்ஒய் + 2எக்ஸ் − 3ஒய் − 6 = எக்ஸ்ஒய்

இருபுறமும் எக்ஸ்ஒய் அடிபட்டு 2எக்ஸ் − 3ஒய் = 6. இரண்டாவது நிபந்தனை (எக்ஸ்+5)(ஒய்−1) = எக்ஸ்ஒய் + 20; அதையும் விரித்து அடித்தால் −எக்ஸ் + 5ஒய் = 25. இருபடி எங்கே?

கோணமானி: முதல் வரியிலேயே இருக்கிறதே எக்ஸ்ஒய். பிறகு அடித்துவிட்டால் இல்லாமல் போய்விடுமா?

கவராயம்: போய்விடும். இரண்டாவதை 2ஆல் பெருக்கி முதலாவதோடு கூட்டுங்கள்: 7ஒய் = 56. ஒய் 8, எக்ஸ் 15. சரிபார்த்தாயிற்று: 15×8=120, 12×10=120, 20×7=140.

கோணமானி: இதே செவ்வகத்துக்குச் சுற்றளவு 46, பரப்பு 120 என்று கொடுத்தால்? எக்ஸ்+ஒய்=23, எக்ஸ்ஒய்=120. இந்த எக்ஸ்ஒய்யை எதோடு அடிப்பீர்கள்? எக்ஸ்² − 23எக்ஸ் + 120 = 0 தவிர வழியில்லை.

கவராயம்: கணக்கையே மாற்றிவிட்டீர்கள். நான் கொடுத்ததில் பரப்பின் அளவு இல்லை, பரப்பில் வந்த மாற்றம்தான் உண்டு. அதனால்தான் எக்ஸ்ஒய் இருபுறமும் நிற்கிறது.

பிரதியிடல்: எதற்குப் பெருக்கிக் கூட்ட வேண்டும்? எக்ஸ் = 5ஒய் − 25, முதலாவதில் போட்டால் முடிந்தது.

கவராயம்: 2(5ஒய்−25) என்பதை 10ஒய் − 25 என்று விரிப்பவர்கள்தான் அதிகம். ஒய் 31/7 என்று வந்து நிற்கும்.

பிரதியிடல்: அது முறையின் குற்றமா? நீங்கள் செய்த நீக்கல் முறையில் குறியை மாற்றாமல் கழிக்கிறார்களே, அதை மட்டும் சொல்லவே மாட்டீர்கள்.

சமன்குறி: சண்டையில் முக்கியமான பிழையை விட்டுவிட்டீர்கள். '20 கூடும்' என்றதும் (எக்ஸ்+5)(ஒய்−1)+20 = எக்ஸ்ஒய் என்று எழுதுகிறார்கள். புதிய பரப்புதான் பெரியது. 20 பழைய பரப்போடு சேர வேண்டும். மாற்றிப் போட்டால் 7ஒய் = −24, அகலமே குறை எண்.

கவராயம்: விடையைக் கணக்கில் திரும்பப் போட்டுப் பார்த்தால் உடனே பிடிபடும். அதைத்தான் நான் செய்துகாட்டினேன்.

கோணமானி: அதெல்லாம் இருக்கட்டும். முதல் வரியில் எக்ஸ்ஒய் இருந்ததா, இல்லையா?

கவராயம்: இருபுறமும் இருந்தது. இருபுறமும்!