காலேஜ் குவாட்டர்பேக்குகளை ட்ராப்டுக்கு முன்னாடி எப்படி வரிசைப்படுத்தறது?

பனங்காட்டுப்பந்து, கொழிஞ்சாம்பாறை:

வணக்கமுங்க. எங்க பக்கம் பன்னெண்டு பேர் சேர்ந்து வருசாவருசம் என்எஃப்எல் (அமெரிக்கன் ஃபுட்பால் லீக்) ட்ராப்டுக்கு, அதாவது டீமுங்க காலேஜ் ஆளுங்களை வரிசையா எடுக்கற நிகழ்ச்சிக்கு, ஒரு கணிப்புப் போட்டி வைக்கறோம். முதல்ல போற அஞ்சு குவாட்டர்பேக்கை (டீமுக்குப் பந்தை எறியறவர்) வரிசையா எழுதணும், எந்தச் சுற்றுல போவாங்கன்னும் எழுதணும். முதல் சுற்று நமக்கு வெள்ளிக்கிழமை விடியக்காலை 5.30-க்கு ஆரம்பம், முந்தின நாள் ராத்திரியே சீட்டை மூடிடுவோம்.

2025-ல் ஷெடியர் சாண்டர்ஸை பன்னெண்டு சீட்டுலயும் முதல் சுற்றுன்னு எழுதியிருந்தோம். 74 சதவீதம் பாஸ் கைசேர்ந்த ஆளு. கடைசியில அஞ்சாவது சுற்று, 144-வது ஆளாப் போனார். டைலர் ஷக்னு இன்னொரு குவாட்டர்பேக் 40-வது ஆளாவே போயிட்டார். அதனால இந்தத் தடவை முறையா ஒரு அட்டவணை போடலாம்னு பாக்கறேன். மூணு சந்தேகம்.

பாஸ் எறியறதுக்குக் குடுக்கற காலேஜ் ரேட்டிங் 160, 170-ன்னு வருது. என்எஃப்எல்-ல உச்சமே 158.3-ன்னு சொல்றாங்க. அப்ப எதை எதோட ஒப்பிடறது? ரெண்டாவது, கைசேர்ந்த பாஸ் சதவீதம், யார்டு, டச் டவுன் (எல்லை தாண்டி எடுக்கற ஸ்கோர்), இன்டர்செப்ஷன் (எறிஞ்சதை எதிராளி பிடிக்கறது) இதுல எதை நம்பலாம்? மூணாவது, கம்பைன்ல (ட்ராப்டுக்கு முன்னாடி நடக்கற உடல் சோதனை முகாம்) கை அளவு, ஓட்டம் எல்லாம் எடுக்கறாங்களே, அதுக்கு எவ்வளவு மார்க் குடுக்கலாம்?

கணவாய்க்காத்து, வாளையார்:

ரேட்டிங் ரெண்டும் வேற வேற கணக்குங்க, ஒப்பிடவே கூடாது. காலேஜ் கணக்கு இது: யார்டை 8.4-ஆல் பெருக்கு, டச் டவுனை 330-ஆல், கைசேர்ந்த பாஸை 100-ஆல் பெருக்கு. மூணையும் கூட்டி, இன்டர்செப்ஷன் ஒண்ணுக்கு 200 கழி. மொத்தத்தை எறிஞ்ச எண்ணிக்கையால வகு. 400 எறிஞ்சு 270 கைசேர்ந்து, 3,400 யார்டு, 30 டச் டவுன், 8 இன்டர்செப்ஷன்னா 159.7 வரும்.

அதுல ஒரு ஓட்டை இருக்கு: சாக் (எறியறதுக்குள்ள குவாட்டர்பேக்கைப் பிடிச்சு விழ வைக்கறது) எங்கயுமே இல்ல. பந்தை வச்சுக்கிட்டே நின்னு அடிவாங்கி விழறவனுக்கும், நேரத்துக்குக் கைவிடறவனுக்கும் ஒரே மார்க். அதனால இன்னொரு கணக்கு போடுங்க. யார்டோட டச் டவுனுக்கு 20 கூட்டி, இன்டர்செப்ஷனுக்கு 45 கழிச்சு, சாக்ல இழந்த யார்டையும் கழிக்கணும். வந்ததை எறிஞ்ச எண்ணிக்கையும் சாக்கும் சேர்ந்த தொகையால வகுக்கணும். மேலே சொன்ன அதே ஆளு 12 சாக்ல 80 யார்டு இழந்திருந்தா 8.64. 42 சாக்ல 300 யார்டு இழந்திருந்தா 7.56. ரேட்டிங் ரெண்டு பேருக்கும் 159.7-தான், ஆனா ஒவ்வொரு தடவை பந்தைக் கையில வாங்கும்போதும் ஒரு யார்டுக்கு மேல வித்தியாசம். உங்க பன்னெண்டு சீட்டும் 2025-ல் இங்கதான் சறுக்கியிருக்கு. சாண்டர்ஸ் கொலராடோவில் 2023-ல் 50-க்கு மேல, 2024-ல் 40-க்கு மேல சாக் வாங்கினவர்.

ரெண்டாவது சந்தேகம். செவன்ஸ் கிரவுண்டுல கலக்கற பையனை லெவன்ஸ் டீமுக்கு எடுக்கும்போது கோல் எண்ணிக்கையை அப்படியேவா எடுத்துக்கறோம்? சின்ன கிரவுண்டு எதை இலவசமாக் குடுத்துச்சுன்னு பாத்துக் கழிக்கறோம்ல, அதே வேலைதான் இங்கயும்.

காலேஜ் குடுக்கற பெரிய இலவசம் ஆர்.பி.ஓ. ஓட்டமா பாஸான்னு பந்து கைக்கு வந்த பிறகு முடிவெடுக்கற ஆட்டம். பாஸ் எறியறதுக்கு முன்னாடி ஆஃபன்சிவ் லைன் ஆளுங்க (குவாட்டர்பேக்குக்கு முன்னாடி காவல் நிக்கறவங்க) காலேஜ்ல 3 யார்டு வரைக்கும் முன்னேறலாம், என்எஃப்எல்-ல 1 யார்டுதான். அந்த 3 யார்டுல லைன் ஆளு முன்னாடி வந்தா லைன்பேக்கர் (எதிர் டீம்ல ரெண்டாவது வரிசையில நின்னு தடுக்கறவன்) ஓட்டம்னு நெனச்சு உள்ள பாய்வான், அவன் முதுகுக்குப் பின்னால வாசல் திறந்து கெடக்கும். இந்த மாதிரி பாஸும், ஆட்டம் ஆரம்பிக்கற கோட்டுக்குப் பின்னாடியே குடுக்கற ஸ்கிரீன் பாஸும்தான் சதவீதத்தை ஊத வைக்குது. அட்டவணையில ரெண்டையும் தனியாப் பிரிச்சு வைங்க. மிச்சம் இருக்கறதுதான் அவன் சொந்தச் சரக்கு.

அடுத்தது ஹாஷ் மார்க், ஆட்டம் ஆரம்பிக்கப் பந்தை எந்த எல்லைக்குள்ள வைக்கணும்னு காட்டற ரெண்டு வரிசைக் கோடு. மைதான அகலம் ரெண்டு இடத்துலயும் 160 அடி. ஹாஷ் கோடுகளுக்கு நடுவுல காலேஜ்ல 40 அடி, என்எஃப்எல்-ல 18 அடி 6 அங்குலம். அதனால காலேஜ்ல பந்து இடது ஹாஷ்ல இருந்தா வலது பக்கக் கோடு 100 அடி தூரம். அந்தப் பக்கம் தடுக்கறவங்களுக்கு மேய முடியாத அளவு இடம், ரிசீவர் (பாஸைப் பிடிக்கறவன்) சும்மாவே காலியா நிப்பான். ஆனா அங்க எறிய நல்ல கைவலு வேணும். தூர ஹாஷ்ல இருந்து எதிர்க் கோட்டுக்கு 15 யார்டு அவுட் ரூட் (ரிசீவர் நேரா ஓடி ஓரக் கோட்டுப் பக்கம் திரும்பற பாஸ்) எறிஞ்சு, பந்து தொங்காம நேராப் போய்ச் சேர்ந்தா கை நல்ல கை. ப்ரோ டேல (காலேஜிலயே நடக்கற சோதனை நாள்) ஆள் இல்லாத இடத்துல எறியற 60 யார்டைவிட இது நம்பகமானது. 2021-ல் சாக் வில்சன் ப்ரோ டேல ஓடிக்கிட்டே எறிஞ்ச ஒரு பாஸை ஊரே கொண்டாடுச்சு. ரெண்டாவது ஆளாப் போனார், நிலைக்கல.

மீனாட்சிபுரம்மோர், மீனாட்சிபுரம்:

கம்பைன் பத்தி நான் சொல்றேனுங்க. சந்தையில மாடு புடிக்கறப்ப முதல்ல வாயைத் திறந்து பல்லைத்தான் பாக்கறோம், அப்புறம்தான் திமிலும் நடையும். இங்க வயசுதான் பல்லு. 21 வயசுப் பையன் நாலு பல்லு மாடு, இன்னும் வளர இடம் இருக்கு. 24, 25 வயசுல வர்றவன் கடைவாய் சேர்ந்தவன், இன்னைக்கு இருக்கற இழுவைதான் அவன் இழுவை. பதினெட்டு, பத்தொன்பது வயசுப் பசங்களுக்கு எதிரா 24 வயசுக்காரன் 40 டச் டவுன் போட்டா அதை அப்படியே நம்பக் கூடாது. வயசு ஏறுனவங்க தோப்பாங்கன்னு அர்த்தமில்ல. ஜோ பரோ 23 வயசுல வந்தவர்தான். 2019-ல் எல்எஸ்யூ காலேஜில் 60 டச் டவுன், 6 இன்டர்செப்ஷன், 76.3 சதவீதம். ஆனா அவ்வளவு வெச்சிருந்தாத்தான் வயசை மன்னிக்கலாம். போனஸ் மாதிரி யோசிங்க: 22-க்குக் கீழ இருந்தா ஒரு மார்க் கூட, 24 தாண்டினா ஒரு மார்க் குறை.

வயசோட சேர்த்து எத்தனை ஆட்டம் ஆரம்பத்துல இருந்து இறங்கினான்னு பாருங்க. 2023-ல் நாலாவதாப் போன ஆந்தனி ரிச்சர்ட்சன் ஃப்ளோரிடாவில் இறங்கினது 13 தடவை. 2021-ல் மூணாவதாப் போன ட்ரே லான்ஸ் 17. அதுவும் 2020-ல் ஒரே ஒரு ஆட்டம். லான்ஸ் 2019-ல் 28 டச் டவுன், ஒரு இன்டர்செப்ஷன் கூட இல்ல! காகிதத்துல தங்கம். ஆனா சின்ன டிவிஷன், ஓட்டத்தை நம்பின டீம், பின்தங்கி எறிய வேண்டிய நிலைமையே அபூர்வம். எதிர்ப்பக்கம் போ நிக்ஸ் 61 தடவை இறங்கினவர், ஜேடன் டேனியல்ஸ் 55. ரெண்டு பேரும் முதல் வருசமே டீமை ப்ளேஆஃப் கூட்டிட்டுப் போனாங்க. 14 ஆட்டத்தோட 2011-ல் முதல் ஆளாப் போன கேம் நியூட்டன் 2015-ல் எம்விபி (லீக்கோட சிறந்த ஆட்டக்காரர் விருது) வாங்கினார், அது விதிவிலக்கு. விதிவிலக்கை நம்பிச் சீட்டு எழுதினா காசு போகும்.

கை அளவுன்னா விரலை விரிச்சு கட்டைவிரல் நுனியில இருந்து சுண்டுவிரல் நுனி வரைக்கும். 9 அங்குலமோ அதுக்கு மேலயோ இருந்தா மேல யோசிக்கவே வேண்டாம். பரோவுக்கு 9-தான். 2022-ல் கென்னி பிக்கெட்டுக்கு எட்டரை வந்துச்சு, அப்பவும் முதல் சுற்றுல 20-வது ஆளாப் போனார். ஈரத்துல, குளிர்ல பந்து நழுவும்னுதான் அந்தப் பயம். அதை அளவுகோல்ல தேட வேண்டாம், மழை ஆட்டத்துல எத்தனை தடவை பந்தைக் கைநழுவ விட்டான்னு பாருங்க. நாற்பது யார்டு ஓட்டத்துக்கு நான் மார்க்கே குடுக்க மாட்டேன். ரிச்சர்ட்சன் 4.43 விநாடி, 2022-ல் 53.8 சதவீதம். எது முக்கியம்னு நீங்களே சொல்லுங்க.

நகரிநாலாவதுடவுன், நகரி:

வாளையார் சார் சாக் கணக்கைக் கொஞ்சம் ஓவராப் பிடிச்சுக்கிட்டார்னு தோணுது. லைன் ஓட்டையா இருந்தா பையன் என்ன பண்ணுவான்? பிரைஸ் யங் 2023-ல் முதல் ஆளாப் போய் 62 சாக் வாங்கினார், டீம் 2 ஜெயம் 15 தோல்வி. அது முழுக்க அவர் தப்பா?

அப்புறம் எல்லாரும் ஒண்ணை மறக்கறீங்க. பனங்காட்டு நண்பர் கேட்டது யார் நல்லா ஆடுவாங்கன்னு இல்ல, யார் எப்பப் போவாங்கன்னு. அதுக்கு டீம் தேவையைப் பாக்கணும். 2022-ல் முதல் சுற்றுல ஒரே ஒரு குவாட்டர்பேக், அடுத்த ஆளு டெஸ்மண்ட் ரிடர் 74-ல். 2024-ல் முதல் 12 இடத்துக்குள்ள ஆறு பேர். அட்லாண்டா அந்த மார்ச்லதான் கர்க் கசின்ஸுக்கு நாலு வருசத்துக்கு 18 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டுச்சு, ஏப்ரல்ல எட்டாவது இடத்துல மைக்கேல் பெனிக்ஸை எடுத்துச்சு. ஆள் இருக்கற டீம் எடுக்காதுன்னு யாரையும் அடிச்சுடாதீங்க.

32-க்கும் 33-க்கும் நடுவுல ஒரு மதில் இருக்கு. முதல் சுற்று ஆளுக்கு நாலு வருச ஒப்பந்தத்தோட அஞ்சாவது வருசமும் ஆளை வெச்சுக்கற உரிமையும் டீமுக்குக் கிடைக்கும், ரெண்டாவது சுற்றுக்கு அது இல்ல. அந்த ஒரு வருசம் குவாட்டர்பேக்குக்கு ரொம்ப விலை. பால்டிமோர் 2018-ல் 32-க்கு ஏறி வந்து லாமர் ஜாக்சனை எடுத்தது இதுக்குத்தான் பயன்பட்டுச்சு. 2025-ல் ஜயன்ட்ஸ் 34-ல இருந்து 25-க்கு ஏறி ஜாக்சன் டார்ட்டை எடுத்தாங்க. அதனால 30-ல இருந்து 40-க்குள்ள வருவார்னு பேசப்படற ஆளை, சந்தேகம்னா முதல் சுற்றுலயே எழுதுங்க. ஆனா வாய்ப்பு எப்பவும் பலிக்காது, 2023-ல் வில் லெவிஸ் 33-ல் போனார்.

கணவாய்க்காத்து, வாளையார்:

நகரி நண்பர் சொல்றது பாதி சரி. யங்குக்கு லைன் மோசம்தான். அதனாலதான் வெறும் சாக் எண்ணிக்கையை விட, நெருக்கடி வந்ததுல எத்தனை சாக் ஆச்சுன்னு பாக்கணும். நெருக்கடி எத்தனை தடவை வரும்ங்கறது லைன் பொறுப்பு, வந்த பிறகு என்ன பண்றான்ங்கறது பையன் பொறுப்பு. 100 நெருக்கடியில 15 சாக்குன்னா நல்லது, 20 தாண்டினா கண்ணைச் சுருக்கணும், 25-னா வியாதி. டேனியல்ஸுக்கு எல்எஸ்யூவில் இந்தக் குறை சொன்னாங்க. அவர் கால் அதை ஈடு கட்டிச்சு: 2023-ல் 1,134 யார்டு ஓட்டம்.

அந்த 1,134-லயும் ஒரு சங்கதி இருக்கு. காலேஜ்ல சாக்ல இழந்த யார்டை குவாட்டர்பேக்கோட ஓட்டக் கணக்குல கழிப்பாங்க. என்எஃப்எல்-ல டீமோட பாஸ் கணக்குல. அதனால காலேஜ் பையனுக்கு 120 ஓட்டம், 250 யார்டுன்னு இருந்தா சோம்பேறின்னு நெனச்சுடாதீங்க. அதுல 35 சாக், 240 யார்டு இழப்புன்னா நிஜ ஓட்டம் 85, யார்டு 490. ஒரு ஓட்டத்துக்கு ரெண்டு யார்டுன்னு தெரிஞ்சது அஞ்சே முக்காலா மாறிடும்.

வீடியோ பாக்க நேரம் கம்மின்னா ஒரு ஆளுக்கு நாலு ஆட்டம் போதும். பலமான டிஃபன்ஸ் ரெண்டு, தோத்தது ஒண்ணு, எதிராளி ஊர்ல ஆடினது ஒண்ணு. 21 புள்ளிக்கு மேல முன்னணியில இருந்த நேரத்தை அடிச்சுடுங்க. மூணாவது டவுன் (10 யார்டு முன்னேறக் கிடைக்கற நாலு வாய்ப்புல மூணாவது), 7 யார்டுக்கு மேல தேவைப்படற ஆட்டங்களை மட்டும் நிறுத்தி நிறுத்திப் பாருங்க. போன்ல ஸ்டாப்வாட்ச் வெச்சு ஸ்னாப்ல (பந்து குவாட்டர்பேக் கைக்கு வர்ற நொடி) இருந்து கைவிடற வரைக்கும் எடுங்க. ரெண்டரை விநாடிக்கு மேல தொடர்ந்து போச்சுன்னா, முதல் ரிசீவர் அடைபட்டதும் ரெண்டாவது ஆளுக்குக் கண்ணு மாறுதா, இல்ல உடனே காலைக் கிளப்பி ஓடறானான்னு குறிச்சுக்குங்க. ஓடறவன்தான் என்எஃப்எல்-ல திணறுவான். எறிஞ்சதை தூரத்துல நாலாப் பிரிங்க: கோட்டுக்குப் பின்னாடி, 0-9, 10-19, 20-க்கு மேல. நடு மைதானத்துல 10-19 கட்டத்துல யாருக்கு எண்ணிக்கையும் தரமும் இருக்கோ அவனை மேல வைங்க. காலேஜ்ல பல பேருக்கு அந்தக் கட்டம் காலியாவே கெடக்கும்.

மீனாட்சிபுரம்மோர், மீனாட்சிபுரம்:

ஜோஷ் ஆலனை யாராவது இழுப்பாங்கன்னு முன்னாடியே சொல்லிடறேன். வயோமிங்ல 56.2 சதவீதம், 2018-ல் ஏழாவது ஆளு, முதல் வருசம் 52.8, 2020-ல் 69.2. கால் வைக்கறதை மாத்தினதுதான் பெரிய காரணம், முன்னாடி அகலமா எட்டு வச்சு எறிவார், பந்து தலைக்கு மேல பறக்கும். 56 சதவீதத்தோட வர்ற எல்லாரும் ஆலன் ஆக முடியாது.

பனங்காட்டுப்பந்து, கொழிஞ்சாம்பாறை:

ரொம்ப நன்றிங்க. ஒரு ஆளுக்கு அந்தக் கணக்கைப் போட்டுப் பாத்தேன், சாக்ல இழந்த யார்டுன்னு தனியா எங்கயும் காணோம். ஓட்ட யார்டுலயே கலந்து கெடக்குது. எப்படிப் பிரிக்கறது?

கணவாய்க்காத்து, வாளையார்:

ஒவ்வொரு ஆட்டத்தோட பாக்ஸ் ஸ்கோர்ல (ஆட்டத்தோட புள்ளிவிவரத் தாள்) எதிர் டீமோட டிஃபன்ஸ் பகுதியைத் திறங்க. சாக் எண்ணிக்கைக்குப் பக்கத்துல யார்டும் போட்டிருப்பாங்க, 3-21-ங்கற மாதிரி. மூணு சாக், 21 யார்டு. பன்னெண்டு ஆட்டத்தையும் கூட்டினா முடிஞ்சது. மாத்து ஆள் இறங்கின ஆட்டம் இருந்தா மட்டும் ப்ளே-பை-ப்ளே (ஒவ்வொரு ஆட்டமும் வரிசையா எழுதின பதிவு) பாத்து அந்த மாத்து ஆள் வாங்கின சாக்கைக் கழிச்சுடுங்க, இல்லேன்னா அதுவும் உங்க ஆளு தலையில விழும்.