புதுப்பிப்பு: இலையில் அடித்த கொசு மருந்து எவ்வளவு நாள் தாங்குகிறது?

வட கரோலினாவில் எங்கள் வீட்டுப் புதர்களில் பைஃபென்த்ரின் என்ற பூச்சிக்கொல்லியை அடித்த ஆள், மூன்று வாரம் தாங்கும் என்றார். நம்பலாமா என்று போன மாதம் இங்கே கேட்டிருந்தேன். பதில் போட்டவர்களுக்கு நன்றி. இப்போதைய நிலவரம் இது.

அடித்த புதிதில் பகலில் கடிக்கும் புலிக்கொசு கண்ணிலேயே படவில்லை. அப்புறம் மெல்லத் தலைகாட்டியது, அதுவும் வெயில் விழும் வேலியோர அசேலியாப் பூப்புதர் பக்கம்தான். நிழலில் இருக்கும் புதர்ப் பக்கம் இன்னும் நிம்மதியாக உட்கார முடிகிறது. குனிந்து பார்த்தால் அசேலியா நுனியெல்லாம் வெளிர்பச்சைத் தளிர். மருந்து அடித்த இலையில்தான் இருக்கும். பிறகு துளிர்த்ததில் ஏது? போதாததற்கு வெயிலும் செடிக்கு நீர் பாய்ச்சும் தெளிப்பானின் தண்ணீரும் பழைய இலையில் உள்ள மருந்தை மெல்லக் குறைக்கின்றன.

கென்டக்கியின் லெக்சிங்டனில் வீட்டுத் தோட்டங்களில் நடத்திய ஆய்வு 2007இல் வந்தது. பைஃபென்த்ரின், அதே வகை மருந்தான லாம்ப்டா-சைஹாலோத்ரின் இரண்டுமே ஏடிஸ் கொசுக்களை (புலிக்கொசு இந்த வகைதான்) 6 வாரம் வரை குறைத்திருக்கின்றன. க்யூலெக்ஸ் என்ற இன்னொரு கொசு வகை அந்த அளவுக்கு மசியவில்லை. ஆகவே மூன்று வாரம் என்பது வியாபாரப் பேச்சு மட்டுமல்ல. இடத்தைப் பொறுத்துக் கூடும், குறையும்.

அடுத்த முறை இலையின் அடிப்பக்கம் நனையும்படி அடிக்கச் சொல்லப்போகிறேன். பகலில் கொசு ஒதுங்குவது அங்கேதான். பூத்திருக்கும் செடியைத் தொடவே கூடாது. தேனீக்கு இந்த மருந்து விஷம். தொட்டித் தட்டுகளில் தேங்கும் தண்ணீரைக் கொட்டுவது என் பொறுப்பு.