செஞ்சிப் பாறைகள்: பேஸ்ட் போட்டதும் நிழல் பக்கம் மினுங்குகிறது, ஏன்?

கரிக்கோடு:
செஞ்சிக் கோட்டையின் கிருஷ்ணகிரி மலையை 16×20 இன்ச் கேன்வாஸில் அக்ரிலிக்கில் வரைகிறேன். தெற்கே சாலையிலிருந்து எடுத்த போட்டோ, மாலை வெயில் இடப்பக்கம். மலை முழுக்க மாடலிங் பேஸ்ட் (மேடு பள்ளம் எழுப்பும் கெட்டிப் பூச்சு) அப்பிக் காய்ந்தபிறகுதான் வண்ணம் கொடுத்தேன். நிழல் பக்கம் எவ்வளவு கறுப்பு ஏற்றினாலும் புள்ளி புள்ளியாக மினுங்குகிறது, பாறை உருண்டையாகவே தெரியவில்லை. இரண்டு இடத்தில் பேஸ்ட் வெடித்தும் விட்டது.

தட்டைபிரஷ்:
நிழலிலும் பேஸ்ட் அப்பியதுதான் காரணம். அந்த மினுக்கம் உங்கள் வீட்டு டியூப்லைட். மேடு இருக்கிற வரை முனையில் வெளிச்சம் பிடிக்கத்தான் செய்யும், கறுப்பால் அடக்க முடியாது. கனமான பூச்சு வெயில் படும் முகத்துக்கு மட்டும். நிழலுக்கு மெல்லிசு போதும்.

இப்போதைக்கு நிழல் பக்கத்தை 120 நம்பர் வாட்டர் பேப்பரால் தண்ணீர் தொட்டுத் தேய்த்து, காய்ந்ததும் ஜெஸ்ஸோ (வண்ணத்துக்கு முன் அடிக்கும் வெள்ளை அடிப்பூச்சு) ஒரு கோட் கொடுங்கள். பின்னால் கை முட்டு இல்லாமல் தேய்த்தால் கேன்வாஸ் தொய்ந்துவிடும்.

கறுப்பு ட்யூபை ஓரம் வையுங்கள். நிழலுக்கு அல்ட்ராமரைன் (அடர் நீலம்) 2 பங்கு, பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு) 1 பங்கு. வானம் பார்க்கும் முகத்தில் நீலம் தூக்கலாக, தரையை ஒட்டிய அடியில் சியன்னா தூக்கலாக. மண்ணிலிருந்து சூடான எதிரொளி அங்கேதான் ஏறும். இன்னொன்று: மிக இருண்ட இடம் பாறையின் வலது ஓரம் இல்லை. வெயில் முடிகிற கோட்டுக்கு அடுத்த பட்டைதான். ஓரத்தை ஒரு மாற்று வெளிறவிட்டால் பாறை தானே உருளும்.

மண்சாயம்:
வெடிப்புக்கு வருகிறேன். ஒரே தடவையில் கனமாகப் போட்டால் மேல்தோல் முதலில் இறுகி, உள்ளே ஈரம் வற்றிச் சுருங்கும்போது பிளக்கும். ஒரு தடவைக்கு 3 மி.மீ. தாண்ட வேண்டாம், நடுவே ஒரு நாள் விடுங்கள், ஃபேனுக்கு அடியில் வைக்காதீர்கள். செலவு பார்த்து வால் புட்டி (சுவருக்குப் பூசும் மாவு) கலப்பவர்கள் எம்.டி.எஃப். (மரத்தூளை அழுத்திய) பலகையில் போடட்டும், கேன்வாஸ் அசைந்தால் உதிரும். இப்போது விழுந்த வெடிப்பை மூட வேண்டாம். இருண்ட வண்ணத்தை உள்ளே இறக்கினால் பாறைப் பிளவு, செஞ்சியில் அதற்கா பஞ்சம்?

கரிக்கோடு:
வெயில் முகத்தில் டிரை பிரஷ் (ஈரமில்லாத பிரஷால் மேட்டில் மட்டும் வண்ணம் ஏற்றுவது) செய்தால் சுண்ணாம்பு அடித்த மாதிரி ஆகிறதே?

தட்டைபிரஷ்:
முதலில் கிளேஸ், அதாவது அடி தெரியும்படி மெல்லிய பூச்சு: வண்ணம் 1, அதை நீர்க்கவைக்கும் கிளேசிங் மீடியம் 6. பள்ளத்தில் இறங்கவிட்டு மேட்டை ஈரத்துணியால் துடையுங்கள். நன்றாகக் காய்ந்தபின் பன்றிமுடி பிரஷ். வண்ணம் தொட்டு, பேப்பரில் கோடு விழாத அளவுக்குத் துடைத்து, படுக்க வைத்து இடமிருந்து வலமாக மட்டும் இழுங்கள். திருப்பி இழுத்தால் மேட்டின் வலமுகத்திலும் ஏறி, நுண்நிழல் எல்லாம் போய்விடும். இதற்கு வண்ணம், டைட்டேனியம் வெள்ளையோடு எல்லோ ஓக்கர் (மண் மஞ்சள்), துளி சியன்னா. தனி வெள்ளை கடைசியில் நாலைந்து விளிம்புகளுக்கு மட்டும்.

மண்சாயம்:
மாட்டும்போதும் இடப்பக்கமிருந்து வெளிச்சம் விழும் சுவராகப் பாருங்கள். ஸ்பாட் லைட் வலப்பக்கம் இருந்தால் பேஸ்ட்டின் நிஜ நிழல் இடப்பக்கம் விழும், தீட்டிய நிழல் வலப்பக்கம் நிற்கும். இரண்டும் மோதிப் படம் தட்டையாகிவிடும்.