நடுகல்லில் இருக்கிற நாயை எந்தப் பேனலில் ஒளிப்பது?

ஆற்காட்டு மசி:
ஜவ்வாது மலை அடிவாரத்தில் நடக்கிற மாயாஜாலக் காமிக்ஸ். செல்போனில் மேலிருந்து கீழே உருட்டிப் படிக்கிற வடிவம். வாரம் ஒரு அத்தியாயம், அத்தியாயத்துக்கு 40 பேனல் (படக்கட்டம்), மொத்தம் 60 அத்தியாயம். ஊர் எல்லையில் ஒரு நடுகல், அதில் ஒரு வீரன், காலடியில் நாய். ஊரைக் காப்பது வீரன் இல்லை, நாய்தான் என்று 48-வது அத்தியாயத்தில் உடைய வேண்டும்.

அதுவரை லீடை, அதாவது பின்னால் வரப்போவதற்கான முன்குறிப்பை, எத்தனை தடவை, எங்கே வைக்கலாம்? யாராவது 15-லேயே கமெண்டில் கண்டுபிடித்துவிட்டால் என்ன செய்வது? அத்தியாயக் கடைசியில் வரும் ஆசிரியர் குறிப்பில் எதுவரை பேசலாம்?

கோட்டை அகழி:
முதல்ல கல்லைப் பத்தி. செங்கம் பக்கம் எடுத்தனூர் நடுகல்லைப் பார்த்துட்டு வரைங்க. பல்லவ ராஜா மகேந்திரவர்மன் காலத்தது. வீரனோட ஒரு நாயும் இருக்கு, பேரு கோவிவன். அது ரெண்டு கள்ளரைக் கடிச்சுக் காத்து நின்ன சேதியையும் வட்டெழுத்துங்கிற பழைய தமிழ் எழுத்துல வெட்டி வெச்சிருக்காங்க. இது தெரிஞ்ச வாசகர் நாலு பேராவது உங்களுக்கு இருப்பாங்க. அதனால அலங்காரத்துக்குன்னு வட்டெழுத்து மாதிரி கிறுக்கி வைக்காதீங்க, எழுத்துக் கூட்டிப் படிச்சுட்டு மானத்தை வாங்கிடுவாங்க. சரியான வாசகமா எழுதி, நாய் வர்ற வரி மேல மட்டும் மஞ்சள் குங்குமம் அப்பின மாதிரி வரைங்க. கும்பிடற கல்லுல அது யாருக்கும் உறுத்தாது.

லீடுக்கு அந்தந்தக் காட்சியிலேயே வேற ஒரு வேலை இருக்கணும். சும்மா நிக்கிற பொருளைத்தான் வாசகர் சந்தேகப்படுவார். உதாரணமா 4-ல ஆடு மேய்க்கிற பையன் கயித்தைக் கல்லோட சேர்த்து, நாய் கழுத்து மேல சுத்திக் கட்டறான். பேச்சு முழுக்க ஆட்டு விலையைப் பத்தி. 22-ல கயிறு அறுந்து கிடக்கு, ஆடு கத்திரித் தோட்டத்துல. பாட்டி திட்டறதுதான் காட்சி, எல்லாரும் சிரிச்சுட்டுப் போயிடுவாங்க. 46-ல அதே கோணம், அதே தூரம். கல் நாயோட வாயோரத்துல ரெண்டு இழை தேங்காய் நார்.

கோணம் மாறாம இருக்கிறது முக்கியம். வாரவாரம் படிக்கிறவருக்கு 4-க்கும் 22-க்கும் நடுவுல நாலு மாசத்துக்கு மேல ஓடிப்போயிருக்கும், கயிறு ஞாபகமே இருக்காது. வசனத்துல ஞாபகப்படுத்தினா குட்டு வெளியாயிடும், படம் ஞாபகப்படுத்தினா ஆகாது. கடைசி லீடு, உடைக்கிறதுக்கு ரெண்டு வாரத்துக்குள்ள இருக்கட்டும்.

செல்போன்ல வெத்து இடம் விட்டு, அதுக்கப்புறம் வர்ற பேனல்ல கண்ணு நிக்கும். அங்கயும் அத்தியாயத்தோட கடைசிப் பேனல்லயும் லீடு வேண்டாம். பலூன் மேல, லீடு கீழ் ஓரம்னு வைங்க. வசனத்தைப் படிச்சதும் விரல் தள்ளிடும். அதுக்காக ரொம்பப் பொடிசாவும் வரைஞ்சிடாதீங்க. 800 பிக்சல் அகலத்துல நாரு 3 பிக்சல்னா ஜேபெக்ல கரைஞ்சு போயிடும். அப்புறம் 48-ல "இதை எப்ப காட்டினே?"ன்னு சண்டைக்கு வருவாங்க, அவங்க கேக்கறதும் நியாயம்தான்.

சத்துவாச்சாரி வாசகன்:
ஸ்பாய்லர் விடறதுல, அதாவது குட்டை முன்னாடியே உடைக்கிறதுல, வாசகரை விட ஆசிரியர்தான் கெட்டிக்காரர். 48-க்கு "காவல் நாய்"னு தலைப்பு வெச்சீங்கன்னா பட்டியலைத் திறக்கிற எல்லாருக்கும் கதை முடிஞ்சுது. முகப்புச் சின்னப்படமும் அப்படித்தான். 45-லேர்ந்து 50 வரைக்கும் எல்லாத்துக்கும் மனுஷ முகம் மட்டும் போடுங்க. 48-க்கு மட்டும் படத்தை மறைச்சாலும் சந்தேகம் வரும்.

இன்னொண்ணு, வரையும்போது சரிபார்க்க கேன்வாஸைக் கண்ணாடி மாதிரி திருப்புவீங்க இல்லையா, அப்படியே சேவ் பண்ணிடாதீங்க. நாய் ஒரு பேனல்ல வீரனோட வலது காலடியில, இன்னொண்ணுல இடது காலடியில இருந்தா, கல் நாய் நகருதுன்னு அன்னைக்கே தியரி (வாசகர் ஊகம்) கிளம்பும். அதுவும் உங்க கதையில அது பாதி உண்மை! கல்லை ஒரு தடவை சுத்தமா வரைஞ்சு தனி ஃபைல்ல வெச்சுக்கிட்டு, ஒவ்வொரு தடவையும் அதைப் பார்த்தே போடுங்க.

ஒரு எக்செல்: லீடு, அத்தியாயம்-பேனல் எண், அப்ப வாசகர் என்ன நினைப்பார், நிஜம் என்ன, எங்கே உடையுது. கடைசிக் கட்டம் காலியா இருக்கிற வரி எல்லாம் கடன். கையிருப்பா 5 அத்தியாயம் முடிச்சு வெச்சிருந்தா, வெளியிடறதுக்கு முன்னாடி திருத்த இடம் இருக்கும். வெளியானதுக்கப்புறம் பேனலை மாத்தினா பழைய ஸ்கிரீன்ஷாட்டோட வந்து நிப்பாங்க.

படுகளம்:
மேல சொன்னதெல்லாம் சரி. ஆனா ஒளிக்கிறதுக்கு இவ்வளவு மெனக்கெடறது எனக்கு ஒப்பலை. நம்ம பக்கம் திரௌபதி அம்மன் கோயில் பாரதத் திருவிழாவுல, மத்தியானம் பிரசங்கி சொன்ன கதையைத்தான் ராத்திரி கூத்துல ஆடறாங்க. துரியோதனன் சாவான்னு தெரிஞ்சும் விடிய விடிய உட்கார்றாங்களே, ஏன்? சபையில திரௌபதி விரிச்ச கூந்தல் ஊரறிஞ்ச லீடு. துரியோதனன் விழற படுகளத்துல அவ அதை முடியறதைப் பார்க்கத்தான் கூட்டம். "நாய்தான்"ங்கிறது மட்டுமே 48-ஓட சரக்குன்னா அத்தியாயம் ஒல்லி. இத்தனை நாள் அது ஏன் கல்லை விட்டு இறங்கலைங்கிற காரணத்தை மிச்சம் வைங்க. அந்தக் காரணத்துக்குரிய பாத்திரத்தை 30-க்கு மேல கொண்டு வந்தா, 15-ல எவன் ஊகிச்சாலும் பாதிதான் கிடைக்கும்.

கண்டுபிடிச்சவருக்காகக் கதையை மாத்தாதீங்க. வெச்ச கயிறு, நார் எல்லாம் அநாதையாயிடும். அவர் கமெண்டுக்கு இதயம் போடறது, அழிக்கிறது ரெண்டுமே ஒப்புதல் வாக்குமூலம். ஒன்பது தியரிக்கு "இல்லை"ன்னு சொல்லிட்டு பத்தாவதுக்கு மௌனமா இருந்தாலும் அதே கதிதான். முதல் வாரத்துலேர்ந்தே எந்தத் தியரிக்கும் பதில் கிடையாதுன்னு வெச்சுக்குங்க.

குறிப்புல, வெளியான அத்தியாயம் வரைக்கும்தான் பேச்சு. கூத்துல கோமாளியா வர்ற கட்டியக்காரன் ராஜாவையே கிண்டல் பண்ணுவான், கூட்டத்தோட பேசுவான், ஆனா எதிர்ல நிக்கிற வேஷத்தைப் பத்தித்தான். "அடுத்த வாரம் அதிர்ச்சி காத்திருக்கு"ன்னு எழுதவே வேண்டாம், அப்படி எழுதினா ஒவ்வொரு பேனலையும் பெருசு பண்ணிப் பார்ப்பாங்க. ஒன் பீஸ்ங்கிற ஜப்பான் காமிக்ஸ்ல எஸ்பிஎஸ்னு வாசகர் கேள்வி பதில் வருது. அது வாராந்திர இதழ்ல இல்லாம, பிறகு வர்ற தொகுப்புல இருக்கிறதால சூடு ஆறின பிறகுதான் பேச்சே. நீங்களும் 10 அத்தியாயத்துக்கு ஒரு தடவை தனிப் பதிவா பதில் சொல்லுங்க.

ஆற்காட்டு மசி:
நன்றி. 22-ல் கயிறு அறுந்த முனையை அருகில் காட்டலாமா? காசு கட்டி 3 வாரம் முன்பே படிப்பவர்களை எப்படிச் சமாளிப்பது?

கோட்டை அகழி:
காட்டாதீங்க. அருகில் காட்டினா பல்தடம் வரைஞ்சே ஆகணும். பாட்டி கையில கயிறு தொங்கட்டும், முனை அவங்க முந்தானைக்குப் பின்னாடி போகட்டும்.

சத்துவாச்சாரி வாசகன்:
காசு கட்டிப் படிக்கிறவங்களுக்குத் தனி கமெண்ட் பகுதி. பொதுப் பகுதியில, இலவசமா வெளியான அத்தியாயத்தைத் தாண்டிப் பேசினா எச்சரிக்கை இல்லாம நீக்கம்னு மேல பின் பண்ணிடுங்க. நீக்கும்போது உண்மையான ஸ்பாய்லர், பொய் ஸ்பாய்லர் ரெண்டையும் சேர்த்தே நீக்குங்க. உண்மையை மட்டும் தூக்கினா அதுவே பதில்.