மாம்பழ சீசனுக்கு முன் ஹோஸ்டிங் மாற்ற வேண்டும், யோசனை சொல்லுங்கள்

வணக்கம். கிருஷ்ணகிரியில் மாம்பழ ஆர்டர் எடுக்கும் தளம் நடத்துகிறோம். வேர்ட்பிரஸில், வூகாமர்ஸ் என்ற கடை பிளகின் போட்டு ஓடுகிறது. மற்ற மாதங்களில் ஈ ஓட்டும். மே, ஜூனில் செந்தூராவும் அல்போன்சாவும் வந்துவிட்டால், ராத்திரி ஆர்டர் குவியும் நேரத்தில் '508' (சர்வரில் நமக்குள்ள வரம்பு முடிந்தது என்ற பிழை) என்று காட்டித் தளம் நின்றுவிடுகிறது.

இப்போது இருப்பது ஷேர்டு ஹோஸ்டிங். ஒரே சர்வரைப் பலர் பங்கிடுவதால் ஆளுக்கு இவ்வளவுதான் என்று வரம்பு. கேஷ் (cache, பக்கங்களைத் தயாராகச் சேமித்து வைத்துக் காட்டுவது) போட்டும் பார்த்தாயிற்று. ஆளுக்கு ஆள் மாறும் கார்ட், செக்அவுட் பக்கங்களுக்கு அது உதவாதே. விபிஎஸ் (VPS, சர்வரில் நமக்கென்று பிரித்துத் தரும் பகுதி) எடுத்தால் ரேம் நமக்கென்று கிடைக்கும், சரி. ஆனால் அப்டேட், பேக்கப், செக்யூரிட்டி எல்லாம் நம் தலையில். லினக்ஸ் தெரிந்த ஆள் எங்களிடம் இல்லை.

அந்த வேலைகளை ஹோஸ்டிங் கம்பெனியே பார்த்துக்கொள்ளும் மேனேஜ்டு விபிஎஸ், 4 ஜிபி ரேம் போதுமா? சீசனுக்கு மட்டும் கூட்டி, அப்புறம் குறைத்துக்கொள்ளும் வசதி யாரிடம் இருக்கிறது? முதல் வருட ஆஃபர் விலை வேண்டாம், ரினியூவல் விலையைச் சொல்லுங்கள்.